ஓநாய்க்குப் பல்செட் மாட்டுவது எப்படி?

பழைய கதையைக் கோமாளித்தனமாகச் சொல்லும் முன், குழந்தைக்கு அசல் கதை அத்துப்படியாக இருக்க வேண்டும். தெரியாத கதையைத் திரித்தால் சிரிப்பு வராது, "அப்புறம்?" என்றுதான் கேட்கும்.

சிவப்புத் தொப்பிக்காரியை எடுத்துக்கொள்ளுங்கள்: பாட்டியைப் பார்க்கப் போகும் சிறுமியைத் தின்ன, ஓநாய் பாட்டி வேடத்தில் கட்டிலில் படுத்திருக்கும் கதை. ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: பாட்டியின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்ட ஓநாய்க்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. காடு, கூடை, கட்டில் அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் மாற்றினால் அது வேறு கதை.

கட்டில் காட்சியில்தான் மொத்த விளையாட்டும்.

"காது ஏன் பாட்டி இவ்ளோ பெரிசு?"

"நீ பேசுறதைக் கேட்கத்தான்."

"கண்ணு?"

"உன்னை நல்லாப் பார்க்கத்தான்." (தலையணையைப் பார்த்துச் சொல்லுங்கள்.)

"பல்லு?"

இங்கே இரண்டு நொடி நிறுத்துங்கள். அவசரப்பட்டால் பிசுபிசுத்துவிடும்.

"அடடா, தாத்தாவோட பல்செட்டை மாட்டிக்கிட்டேனா!"

அசலில் பல்லுக்குப் பதில் "உன்னைத் தின்னத்தான்". முதல் இரண்டு பதிலும் அசல்படி போனால்தான் மூன்றாவது கவிழும்.

முடிவை மாற்றத் தயங்க வேண்டாம். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ வெளியிட்ட வடிவம், ஓநாய் சிறுமியை விழுங்குவதோடு முடிகிறது. 1812இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதைத் தொகுப்பில் வேட்டைக்காரர் வந்து காப்பாற்றுகிறார். ஆனால் ஓநாயை முழுக் கோழையாக்கிவிடாதீர்கள், துளி பயமாவது வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குச் சிலேடை எடுபடாது. ஒரு விக்கல், ஒரு தும்மல் போதும்.