ஆளுக்கு 100 டாலர்: காசோலை யார் பெயரில்?
2006-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கூடி, ஆளுக்கு 100 டாலர் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் 10,000 டாலருக்கு மேல் திரட்டினார்கள். பச்சிளங் குழந்தைகளுக்குத் தொட்டில் வாங்கப் போனது அந்தப் பணம். அருமையான முறை!

இப்படி ஆளுக்கு 100 டாலர் போட்டு, எந்தத் தொண்டு அமைப்புக்குத் தருவது என்று வாக்கெடுத்து முடிவு செய்யும் குழு தொடங்கினால், ஒருங்கிணைப்பவர் பெயரில் காசோலை எழுதவே எழுதாதீர்கள். அவர் கணக்கில் பணம் விழுந்தால் வரிவிலக்கு ரசீதில் சிக்கல், சந்தேகமும் முளைக்கும். வாக்கெடுப்பில் வென்ற அமைப்புக்கே நேரடியாக எழுதுங்கள். வர முடியாதவர், பெறுபவர் பெயரை மட்டும் விட்டுவிட்டு நம்பிக்கையான தோழியிடம் கொடுத்தனுப்பலாம்.

வாக்கெடுப்புக்கு முன், சீட்டுக் குலுக்கி மூன்று அமைப்புகளைத் தேர்ந்தெடுங்கள்; ஒவ்வொன்றையும் பற்றி ஐந்து நிமிடப் பேச்சு. வேறொன்றுக்கு வாக்களித்தவரும் வென்றதற்கே தர வேண்டும் என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள், இல்லையேல் தொகை சிதறிவிடும்.