தேன்மெழுகுக் களிம்பும் கற்றாழைப் பூச்சும்: வீட்டில் செய்யும் முறை

வறண்ட தோலுக்கு எண்ணெய் ஈரம் தருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஈரம் வெளியேறாமல் மூடிவைப்பதுதான் அதன் வேலை. ஆகவே குளித்துத் துவட்டியவுடன், உடம்பில் லேசான ஈரம் இருக்கும்போதே பூசிவிட வேண்டும். காய்ந்த தோலில் எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பலன் கிடைக்காது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சேராத களிம்பு மாதக்கணக்கில் இருக்கும்; தண்ணீரோ சாறோ சேர்ந்தது சில நாட்களில் கெடும். கண்ணுக்குப் பூஞ்சை தெரிவதற்கு முன்பே அதில் கிருமிகள் பெருகியிருக்கும். அதனால்தான் தோலுக்கும் தலைமுடிக்கும் தனித்தனியாக இரண்டு முறைகளைச் சொல்கிறேன்.

தோலுக்குத் தேன்மெழுகுக் களிம்பு

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மார்கழியில் உறைந்து கிடப்பது சித்திரையில் தண்ணீராக ஓடுவது அதனால்தான். 60 டிகிரிக்கு மேல்தான் உருகும் தேன்மெழுகைச் சேர்த்தால் கோடையிலும் களிம்பு களிம்பாகவே நிற்கும். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். மோந்து பார்த்து வாங்குங்கள். நல்ல மெழுகில் தேன் வாசனை இருக்கும்.

தேங்காய் எண்ணெய் 40 கிராம், நல்லெண்ணெய் 40 கிராம், துருவிய தேன்மெழுகு 20 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

அகலப் பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதனுள் ஈரமே இல்லாத சிறு கிண்ணத்தை வைத்து மெழுகையும் எண்ணெய்களையும் போடுங்கள். மெழுகை ஒருபோதும் நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பற்றும். சிறு தீ போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் கிண்ணத்துக்குள் தெறித்துவிடும். முழுதும் உருகியதும் ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு, ஆறியபின் விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய். ஓடினால் இன்னும் கொஞ்சம் மெழுகு. பதம் சரியானதும் உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் ஊற்றி, நன்றாக ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து உள்ளே சொட்டும். கிண்ணத்தைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மெழுகு வடிகுழாயை அடைத்துவிடும்.

முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் கை, கால், உதடு, குதிகால் வெடிப்பு எல்லாவற்றுக்கும் பூசலாம். முகப்பரு வரும் முகத்துக்கு மட்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கும். நீர் வடியும் புண்ணுக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

தலைமுடிக்குக் கற்றாழைப் பூச்சு

2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அது முடித்தண்டுக்குள்ளேயே இறங்கக்கூடியது.

கற்றாழை மடலை அறுத்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் சாய்த்து வையுங்கள். வடியும் மஞ்சள் பால் தோலை அரிக்கும், அதை நன்றாகக் கழுவிவிட வேண்டும். தோல் சீவி எடுத்த சோறு மூன்று மேசைக்கரண்டி, தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. மிக்ஸியில் வெண்மையாகும்வரை அடித்து, நனைந்த முடியின் நடுவிலிருந்து நுனிவரை பூசுங்கள். அரை மணி நேரம் கழித்து அலசலாம். பொடுகு இருப்பவர்கள் உச்சந்தலையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பொடுகை உண்டாக்கும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. அன்றன்றைக்கு வேண்டிய அளவே அடியுங்கள். மீந்தால் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள், அதற்குமேல் கொட்டிவிடுங்கள்.

இரண்டிலுமே எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் கிளம்பும். பின்பு அந்த இடம் கருத்துப்போகும். அந்தக் கருமை மறைய வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.