ஊர் மாறும்போது கை கடிப்பது எங்கே: பெங்களூருக்குக் குடிபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய பணத் தவறுகள்

கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலைக்காகக் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போகிற யாரிடமாவது எவ்வளவு செலவாகும் என்று கேட்டுப் பாருங்கள், முதலில் லாரி வாடகையைத்தான் சொல்வார்கள். லாரி ஒருநாள் செலவு. அதை எப்படியும் சமாளித்துவிடலாம், பல கம்பெனிகள் பில் கொடுத்தால் திருப்பித் தந்தும் விடுகின்றன. கை கடிப்பது வேறு இடங்களில். வீட்டு அட்வான்ஸில் முடங்கிக் கிடக்கும் பணம், இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் ஓடும் செலவுகள், பழைய ஊர் முகவரியிலேயே தங்கிவிட்ட வண்டியும் இன்ஷூரன்ஸும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உட்கார்ந்து இவற்றை எழுதிப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு, மற்றதெல்லாம் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

சம்பள உயர்வை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கோவையில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு மாதம் 60,000 ரூபாய் கையில் வாங்குகிறவருக்குப் பெங்களூரில் 85,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25,000 கூடுதல். அங்கே இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை 24,000, மெயின்டெனன்ஸ் 3,000 என்றால் உயர்வு முழுவதும் போய், மேற்கொண்டு 2,000 பழைய சம்பளத்திலிருந்தும் போகிறது. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், ஆபீஸ் போக்குவரத்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாலு பேர் ஊருக்கு வந்துபோகும் ஆம்னி பஸ் கட்டணம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. அதனால் போகவே கூடாது என்று சொல்லவில்லை. நாலைந்து வருடத்தில் அந்த ஊரில் கிடைக்கும் வாய்ப்பும் சம்பளம் ஏறும் வேகமும் கோவையில் கிடைக்காமல் போகலாம், அது நல்ல காரணம்தான். ஆனால் முதல் வருடம் சேமிப்பு குறையும் என்று தெரிந்து போவது வேறு, மாதம் 25,000 மிச்சமாகும் என்று நம்பிப் போன கையோடு கார் லோன் எடுப்பது வேறு.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீடுகளுக்கு 2 மாதம்தான் என்கிறது, ஆனால் அது வெறும் மாதிரி, மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் செல்லும். பெங்களூரில் 10 மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்குப் பேசி முடிக்க முடிகிறது, பேசாமல் விட்டால் பத்தே கேட்பார்கள். 24,000 வாடகைக்குப் பத்து மாதம் என்றால் 2,40,000 ரூபாய். அது வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் இருக்கும். அதே பணம் 6.5 சதவீத வட்டிக்கு பேங்கில் கிடந்தால் வருடத்துக்கு 15,600, அதாவது மாதம் 1,300 ரூபாய் வந்திருக்கும்.

இதோடு முடியவில்லை. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே பரவலான வழக்கம். மூன்று வருடம் இருந்துவிட்டுக் காலி செய்தால் அது பெரிதாகத் தெரியாது. 11 மாத அக்ரிமென்ட் முடிந்ததும் வேறு ஏரியாவுக்கு மாறினால் அந்த 24,000 மாதத்துக்குச் சுமார் 2,200 ஆகிறது. ஆக உங்கள் உண்மையான வாடகை 24,000 இல்லை. மெயின்டெனன்ஸ், முடங்கிய பணத்தின் வட்டி, பெயின்டிங் எல்லாம் சேர்த்தால் 30,500. வீடு பார்க்கும்போது இந்தத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். வாடகை 2,000 கூடுதலாக இருந்தாலும் மூன்று மாத அட்வான்ஸோடு, அக்ரிமென்டில் பெயின்டிங் பிடித்தம் இல்லாமல் கிடைக்கிற வீடு பல நேரம் மலிவாகவே முடியும். முதல் வருடம் ஆபீஸ் பக்கமா ஸ்கூல் பக்கமா என்று தெளிவில்லாமல் எடுக்கும் வீட்டை மாற்ற வேண்டிவரும் வாய்ப்பு அதிகம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அட்வான்ஸை வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் சொத்து வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்குக்கு. சாவியை ஒப்படைத்த அன்றோ இத்தனை நாளுக்குள்ளோ திருப்பித் தரப்படும் என்று அக்ரிமென்டில் எழுதச் சொல்லுங்கள். "அடுத்த ஆள் குடிவந்ததும் தருகிறேன்" என்று வாயால் சொல்வதை நம்பிவிட்டால் அந்த அடுத்த ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். குடிபோகும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அப்புறம், வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பவே அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, கேட் பாஸுக்கு மட்டும் கொஞ்சம் பணம் போடுங்கள் என்று க்யூஆர் கோடு அனுப்புவது இந்த மோசடியின் வழக்கமான வடிவம்.

பெரிய அட்வான்ஸ் கட்ட வேண்டியிருக்கிறதே, அதற்கு வாடகையே இல்லாமல் லீஸுக்கு, அதாவது நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்று சொல்கிற முறையில் எடுத்துவிடலாமே என்று தோன்றும். 10 லட்சம், 15 லட்சம் கொடுத்து இரண்டு, மூன்று வருடம் இருந்துவிட்டு அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, வீட்டுக்காரர் தவணை கட்டாமல் போனால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும், உங்கள் 15 லட்சத்துக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது கஷ்டம். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்காமல், பத்திரத்தைப் பதிவு செய்யாமல், வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் லீஸ் போடாதீர்கள். வீட்டுக்காரரைக் கண்ணில் காட்டாமல் நடுவில் ஒரு கம்பெனி பணத்தை வாங்கிக்கொள்கிற ஏற்பாடு என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், விசாரித்துச் சொல்ல அங்கே அவர்களுக்குத் தெரிந்த ஆள் இல்லை.

இன்னொரு சிக்கல், பணம் வேண்டியிருக்கும் நேரம். பழைய வீட்டு அட்வான்ஸ் காலி செய்த பிறகுதான் கைக்கு வரும், புது வீட்டுக்கு முன்னாலேயே கட்ட வேண்டும். மேலே சொன்ன வீட்டுக்கே அட்வான்ஸ் 2,40,000, முதல் மாத வாடகை 24,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 24,000 என்று 2,88,000 ரூபாய் லாரி கிளம்புவதற்கு முன்பே தேவைப்படும். கம்பெனி தரும் பணமும் பில் கொடுத்த பிறகுதான் வரும். இதைத் திட்டமிடாதவர்கள் கிரெடிட் கார்டிலும் பெர்சனல் லோனிலும் போய் விழுகிறார்கள். ஆஃபரைப் பேசும்போதே வீட்டு அட்வான்ஸுக்கு வட்டியில்லாக் கடனோ சம்பள முன்பணமோ கிடைக்குமா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள், கேட்டால் தருகிற இடங்கள் உண்டு. இடமாற்றத் தொகை என்று ஒன்று தந்தால், எத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு லட்சம் என்று சொல்லி, வரி பிடித்துக்கொண்டு அதைவிடக் குறைவாகக் கையில் கொடுத்துவிட்டு, திரும்பக் கேட்கும்போது முழு ஒரு லட்சம் கேட்கும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

லாரிக்காரர் விஷயத்தை நீட்ட வேண்டாம். மிகக் குறைந்த தொகை சொல்பவரைத் தேர்ந்தெடுப்பதுதான் அங்கே நடக்கும் தவறு. பாதி வழியில் கூடுதல் பணம் கேட்டு சாமானைப் பிடித்து வைத்துக்கொள்வது இப்படிப்பட்டவர்களிடம்தான் நடக்கிறது. லிஃப்ட் இல்லாத மாடி, ஏசி கழற்றி மாட்டுவது, டோல் எல்லாம் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள், ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் சரிபாருங்கள். இன்ஷூரன்ஸ் என்று மூன்று சதவீதம் வாங்கினால், எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி, எண் என்ன என்று கேளுங்கள். பாலிசி காகிதம் இல்லையென்றால் அது இன்ஷூரன்ஸ் இல்லை.

வண்டிதான் பலர் ஒரு வருடம் கழித்து அதிர்ச்சியாகும் இடம். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவுப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநில எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓவில் படிவம் 28-ல் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று வேண்டும், லோன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும், அதற்கப்புறம் கர்நாடகத்தில் ஆயுள் வரி கட்ட வேண்டும். நாட்டிலேயே வாகன வரி அதிகமாக இருக்கும் மாநிலங்களில் அது ஒன்று. தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அலைச்சலும் காத்திருப்பும் அதிகம், அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஏழெட்டு வருடம் ஓடிய கார் என்றால் நம் ஊரிலேயே விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குவது பெரும்பாலும் லாபம் என்பது என் கருத்து. புது வண்டி வாங்கப்போகிறீர்கள், வேலையும் அடிக்கடி ஊர் மாற்றும் வேலை என்றால் நாடு முழுவதும் செல்லும் பிஹெச் (பாரத்) வரிசைப் பதிவு எண்ணை யோசியுங்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள், நிறுவனத்திடம் வேலைச் சான்றாகப் படிவம் 60 வாங்கி இதற்கு விண்ணப்பிக்கலாம். வரி இரண்டிரண்டு வருடமாகக் கட்டினால் போதும், மாநிலம் மாறும்போது எண்ணை மாற்ற வேண்டியதில்லை.

வரியில் யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம், வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவரா என்பது. பெங்களூர், சென்னை அபார்ட்மென்ட்களில் இது சகஜம். அவர் வரிக் கணக்கில் என்ஆர்ஐ என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடியிருக்கும் நீங்கள்தான் செஸ்ஸோடு சேர்த்து 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும், குறைந்த பிடித்தத்துக்கு அவர் வரித்துறையிடம் சான்றிதழ் வாங்கித் தந்தால் ஒழிய. பிடிக்காமல் விட்டால் வரித்துறை கேட்பது உங்களை. உள்நாட்டில் இருப்பவர் என்றால் மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் மட்டும் 2 சதவீதம். பான் எண் கேட்கும்போதே, அக்ரிமென்டுக்கு முன்னால், இதையும் கேட்டுவிடுங்கள். ஹெச்ஆர்ஏ, அதாவது சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படிக்கான வரி விலக்கு புதிய வரி முறையில் கிடையாது. வாடகை அதிகம் கட்டப்போகிற வருடத்தில், ஊரில் இருக்கும் வீட்டுக்கு ஹோம் லோனும் ஓடிக்கொண்டிருந்தால், பழைய முறையில் எவ்வளவு வரி வருகிறது என்று ஒருமுறை கணக்குப் போடுவது அவசியம்.

தண்ணீரையும் கரன்டையும் வீடு பார்க்கும்போதே கேட்க வேண்டும். 2024 கோடையில் பெங்களூரில் தண்ணீர் டேங்கர் விலை ஏறிய ஏற்றத்தில் நிர்வாகமே உச்ச விலை நிர்ணயிக்க வேண்டிவந்தது. காவிரி இணைப்பு இருக்கிறதா, போர்வெல் மட்டுமா, கோடையில் டேங்கர் செலவை யார் ஏற்பது என்று கேட்காமல் எடுத்தால் மெயின்டெனன்ஸ் 3,000 என்று சொன்னது ஏப்ரலில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கர்நாடகத்தில் 200 யூனிட் வரையிலான கிருக ஜோதி இலவச மின்சாரம் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு, முன்பு இருந்தவர் அந்தத் திட்டத்திலிருந்து தன் பெயரை நீக்கினாரா என்று மட்டும் பாருங்கள். திரும்ப சென்னைக்கு வருகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு தந்தாலும், சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று கூடுதலாக வாங்கும் வீட்டுக்காரர்கள் நிறைய.

வேலையும் சேர்ந்து மாறுகிறது என்றால் பிஎஃப் பணத்தை எடுத்து அட்வான்ஸ் கட்டாதீர்கள். ஐந்து வருடத் தொடர் சேவை முடியும் முன் எடுத்தால் வரி வரும், அதே யுஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) மாற்றிக்கொண்டால் பழைய வேலையின் வருடங்களும் கணக்கில் சேரும். பழைய சம்பளக் கணக்கில் சம்பளம் வருவது நின்றால் அது சாதாரணக் கணக்காகி, சில வங்கிகளில் மினிமம் பேலன்ஸ் அபராதம் ஓட ஆரம்பிக்கும், வேண்டாமென்றால் மூடிவிடுங்கள்.

புது ஊர் பிடித்துப்போய் உடனே ஃபிளாட் வாங்குவதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தமிழ்நாட்டில் பொதுவாக முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் வாங்கிய அன்றே போய்விடுகிறது, கர்நாடகத்திலும் 2025 ஆகஸ்ட் முதல் பதிவுக் கட்டணம் இரட்டிப்பாகி 2 சதவீதமாகிவிட்டது. 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் குறுகிய கால ஆதாயமாகி உங்கள் வரி விகிதத்தில் வரி வரும். எந்த ஏரியாவில் தண்ணீர் நிற்கும், எந்த ரோட்டில் ஆபீஸ் போக ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது ஒரு மழைக்காலமாவது அங்கே இருந்தால்தான் தெரியும்.

கடைசியாக மருத்துவக் காப்பீடு, வயதான அப்பா அம்மா இருக்கிற வீட்டில் இதை முதலிலேயே பார்க்க வேண்டும். கம்பெனி தரும் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். புதுக் கம்பெனியில் சேரும் வரை இடைவெளி, அங்கே பெற்றோரைச் சேர்க்கிறார்களா என்பதும் தெரியாது. சொந்தமாக ஒரு பாலிசி ஏற்கெனவே இருந்தால் அது சிறு ஊர்களுக்கான குறைந்த பிரீமியத்தில் எடுத்ததா, பெருநகரத்தில் சிகிச்சை எடுத்தால் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும் என்று இருக்கிறதா என்று பாலிசி காகிதத்தில் தேடிப் பாருங்கள். சொந்தப் பாலிசியே இல்லையென்றால் ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே ஒன்று எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை போகலாம், அந்தக் காலம் பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.