சங்கிலியைத் தலைகீழாகத் திருப்பினேன்

கட்டடக்கலை முதலாண்டுக்கு விசைகளைப் பற்றிப் பாடம் எடுத்தேன். கரும்பலகையில் சமன்பாடு ஏறியதுமே பாதி வகுப்பு தலையைக் குனிந்துகொள்ளும். ஆனால் வரையச் சொன்னால் எல்லோரும் கெட்டிக்காரர்கள். சரி, வரைபடத்திலிருந்தே தொடங்கலாம் என்று ஒரு மெல்லிய சங்கிலியைக் கொண்டுபோனேன்.

சுவரில் சார்ட் ஒட்டி, இரண்டு ஆணிகளில் சங்கிலியைத் தொங்கவிட்டு, அதன் கோட்டை வரைந்தோம். சங்கிலியால் இழுவிசையை மட்டுமே தாங்க முடியும். அதே கோட்டைத் தலைகீழாக்கினால் அழுத்தத்தை மட்டுமே தாங்கும் வளைவு கிடைக்கும். ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1675-இல் சொன்ன விஷயம் இது.

அப்புறம் கோட்டுக்குத் தடிமன் கொடுத்து, அதற்குச் செங்குத்தாகத் துண்டுகள் வெட்டினோம். முதலில் செய்த தெர்மகோல் வளைவு மின்விசிறிக் காற்றுக்கே சரிந்தது. மரத்துக்கு மாறினோம். துண்டுகளைப் பலகைமேல் படுக்கையாக அடுக்கி, பலகையோடு நிமிர்த்தி, பலகையை மெல்ல விலக்கினோம். பசையே இல்லாமல் நின்றது! அதே தடிமனில் செய்த அரைவட்டம் பக்கங்களில் பிதுங்கி விழுந்தது.

"ஏன் சார்?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் சமன்பாட்டை எழுதினேன்.

மறுவாரம் ஒரு மாணவி சங்கிலியின் நடுவில் எடை கட்டிக் கொண்டுவந்தாள். வளைவின்மேல் ஒரு கோபுரம் ஏறினால் வடிவம் எப்படி மாறும் என்று பார்க்க.