படலையடியிலிருந்து பூமி உருண்டை வரை: உங்கள் வீடு எங்கே இருக்கிறது?

வன்னியில் வழி கேட்டால் யாரும் வீட்டு இலக்கம் சொல்வதில்லை. "நேரே போங்கோ தம்பி, குளக்கட்டு ஏறும். துருசடியிலை இடக்கைப் பக்கம் ஒரு ஒழுங்கை இறங்குது. அதிலை மூண்டாவது படலை." அவ்வளவுதான், போய்ச் சேர்ந்துவிடுவோம்.

இப்படி ஒரு இடத்தை இன்னொரு இடத்தை வைத்துச் சொல்வதுதான் சார்பு அமைவிடம். எதையும் சாராமல், பூமி உருண்டையில் அந்த இடத்துக்கு மட்டுமே உரிய இரண்டு எண்களால் சொல்வது தனி அமைவிடம். பிள்ளைகள் இந்த இரண்டு வரைவிலக்கணங்களையும் பாடமாக்கிவிடுவார்கள். "அப்ப உன்ர வீட்டுக்கு எழுது பார்ப்பம்" என்றால் பேனை நின்றுவிடும். அதனால் இதை வெளியில் நின்று செய்து பழகுவோம். ஒரு தாள், பென்சில், வீட்டில் யாருடையதாவது ஒரு போன் இருந்தால் போதும்.

படி 1: திசையைப் பிடியுங்கள்

காலையில் படலையில் நின்று சூரியன் எழும் பக்கம் பாருங்கள். அது கிழக்கு. மார்ச், செப்டெம்பர் 20ஐ அண்டிய நாட்களில் மட்டும்தான் சூரியன் சரியாக நேர் கிழக்கில் எழும். மார்கழியில் தெற்குப் பக்கமாகவும் ஆனியில் வடக்குப் பக்கமாகவும் 23 பாகைக்கு மேல் விலகி எழும். தொடக்கத்துக்கு அந்தப் பிழை பரவாயில்லை. தாளின் நடுவில் ஒரு புள்ளி போட்டு, மேலே வடக்கு என்று குறியுங்கள்.

படி 2: மூன்று அடையாளங்களைத் தேடுங்கள்

ஒவ்வொரு அடையாளத்துக்கும் மூன்று விடயம் எழுத வேண்டும்: எதிலிருந்து, எந்தத் திசையில், எவ்வளவு தூரம். "கோயிலுக்குப் பக்கத்தில்" என்று எழுதினால் பாதிதான். "கோயிலுக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில்" என்றால் முழுமை.

கிளிநொச்சி நகரை எடுங்கள். பரந்தன் சந்திக்குத் தெற்கே ஏறக்குறைய 5 கிலோமீற்றர். இரணைமடுக் குளத்துக்கு வடமேற்கே. ஏ-9 வீதியில் முறிகண்டிக்கும் பரந்தனுக்கும் இடையில். மூன்றும் ஒரே ஊர், மூன்றும் சரி. யார் எங்கிருந்து வருகிறார் என்பதைப் பார்த்து ஏற்றதைச் சொல்லலாம். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஒரு இடம் இருக்கிறதே, அந்தப் பெயரே ஒரு சார்பு அமைவிடம்தான்: வீதி தொடங்கிய இடத்திலிருந்து இத்தனையாவது தூரக்கல்.

ஓர் ஊர் ஏன் முக்கியம் என்பதையும் இந்த முறைதான் காட்டித் தரும். மாங்குளத்தின் எண்களைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிகிற சந்தி என்று சொன்னதும் அங்கே ஏன் பஸ்களும் கடைகளும் கூடுகின்றன என்பது புரிந்துவிடும்.

படி 3: அடையாளங்களை மனதால் அழித்துப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கு இதுதான் முக்கியம். நீங்கள் எழுதிய மூன்று அடையாளங்களையும் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். மரம் இல்லை. வேலி இல்லை. கடை இல்லை. இப்போது வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

எங்கள் பெரியம்மாவுக்கு அதுதான் நடந்தது. போர் முடிந்து, முகாமிலிருந்து திரும்பிய நாள் அவரோடு நானும் போனேன். ஒழுங்கை முழுக்கப் பற்றை. சந்தியில் நின்ற புளி இல்லை, படலையும் இல்லை. முப்பது வருடம் இருந்த வளவை எது என்று தெரியாமல் வெயிலில் நின்றார். கடைசியில் கிணறுதான் காட்டிக்கொடுத்தது. கட்டின் ஒரு மூலையில், சீமெந்து காயுமுன் மச்சாள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பதித்த கை அடையாளம். பெரியம்மா அதில் தன் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுதான் பிள்ளை" என்றார்.

ஊருக்கே அடையாளமாக நின்ற கிளிநொச்சிப் பெரிய தண்ணீர்த்தாங்கியே போரில் சரிந்து விழுந்தது. சார்பு அமைவிடம் அடையாளத்தோடு சேர்ந்து போய்விடும். எண்கள் அப்படியே இருக்கும்.

படி 4: அந்த இரண்டு எண்கள்

பூமியின் நடுவில் மத்தியகோடு 0 பாகை. அதிலிருந்து வடக்கே, தெற்கே எவ்வளவு என்பதைச் சொல்வது அகலக்கோடு. லண்டனுக்கு அருகே கிறீன்விச் ஊடாகச் செல்லும் கோடும் 0 பாகை. 1884இல் வாஷிங்டனில் நாடுகள் கூடித் தெரிந்தெடுத்த கோடு அது. அதிலிருந்து கிழக்கே, மேற்கே எவ்வளவு என்பது நெடுங்கோடு.

ஒரு பாகை 60 கலை, ஒரு கலை 60 விகலை. நிலத்தில் ஓர் அகலக்கோட்டுப் பாகை சுமார் 111 கிலோமீற்றர், ஒரு கலை 1.85 கிலோமீற்றர், ஒரு விகலை 31 மீற்றர். எங்கள் பக்கத்தில் நெடுங்கோட்டுப் பாகையும் கிட்டத்தட்ட 110 கிலோமீற்றர் வரும்.

கிளிநொச்சி நகர்: வடக்கு 9 பாகை 23 கலை, கிழக்கு 80 பாகை 24 கலை. வவுனியா: வடக்கு 8 பாகை 45 கலை, கிழக்கு 80 பாகை 30 கலை. கழித்துப் பாருங்கள். வடக்கு எண்ணில் 38 கலை வித்தியாசம், 1.85ஆல் பெருக்கினால் 70 கிலோமீற்றர். இது காகம் பறக்கும் தூரம், வீதியால் இன்னும் கூடும். கிழக்கு எண் வவுனியாவுக்குத்தான் கூட, ஆகவே வவுனியா கிளிநொச்சிக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. நான் முதலில் நம்பவில்லை, இரண்டு தரம் கழித்துப் பார்த்தேன்.

படி 5: போனில் எடுங்கள்

லொகேஷனைப் போட்டு, வானம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். கூகுள் மப்பில் நீங்கள் நிற்கும் இடத்தை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் ஒரு சிவப்புக் குறி விழும். கூடவே இரண்டு தசம எண்கள் வரும். முதலாவது அகலக்கோடு, இரண்டாவது நெடுங்கோடு. தசமத்துக்குப் பின் நாலு இலக்கம் எழுதினால் 11 மீற்றர் வரை கிட்டும், ஒரு வளவுக்கு அது போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனம். 9 பாகை 23 கலை என்பதை 9.23 என்று எழுதக்கூடாது. 23ஐ 60ஆல் வகுக்க வேண்டும்: 0.383. ஆக 9.383. அதேபோல் 80 பாகை 24 கலை 80.4 ஆகும். வகுக்காமல் 9.23, 80.24 என்று போனில் போட்டால் கிளிநொச்சிக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 24 கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோய் விடும்.

படி 6: சூரியனை வைத்துச் சரிபாருங்கள்

கிளிநொச்சியில் இருப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் 9 பாகை 23 கலைக்கு நேர் மேலே வருகிறது. முற்றத்தில் ஒரு தடியை நட்டு வையுங்கள். மதியம் 12 மணி 8 நிமிடம் அளவில் நிழல் தடியின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஏன் சரியாக 12 மணிக்கு இல்லை? எங்கள் மணிக்கூடு கிழக்கு 82 பாகை 30 கலைக் கோட்டுக்கு வைத்தது. நாம் அதற்கு மேற்கே 2 பாகை சொச்சம். ஒரு பாகைக்கு 4 நிமிடம். கணக்குச் சரியாக வருகிறதா?

இன்னொன்று. சென்னையின் கிழக்கு எண் 80 பாகை 16 கலை. எங்கள் எண்ணுக்கு மிகக் கிட்ட. கிளிநொச்சியில் வடக்கு நோக்கி நின்றால் கிட்டத்தட்ட நேரே, 410 கிலோமீற்றரில் சென்னை.

படி 7: இரண்டையும் ஒரே தாளில்

மேலே மூன்று அடையாளங்கள், கீழே இரண்டு எண்கள், திகதி. காணி உறுதியை எடுத்துப் பாருங்கள்: கிழக்கே ஒழுங்கை, தெற்கே வாய்க்கால், மேற்கே இன்னாரின் காணி என்று எல்லை எழுதியிருக்கும். முழுக்கச் சார்பு அமைவிடம். வாய்க்கால் தூர்ந்தால், இன்னார் காணியை விற்றால் குழப்பம்தான். உறுதியில் கை வைக்காதீர்கள், பிரதி ஒன்றின் பின்பக்கம் எண்களை எழுதி வையுங்கள். பெரியம்மாவின் உறுதிப் பிரதிக்குப் பின்னால் நான் போன வருடம் எழுதிக் கொடுத்தேன். போனைக் கிணற்றுக் கட்டில், அந்தச் சின்னக் கை அடையாளத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த எண்கள்.