புது எஸ்யூவிக்கு விலை பேசுவது எப்படி: கொட்டேஷன் தாளை வரிவரியாகப் பிரியுங்கள்

போன மார்கழியில் மச்சான் ஒரு கொட்டேஷனை என் கையில் திணித்தார். முதல் முறையாக எஸ்யூவி வாங்கப் போகிறார். நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன வகைதான். தாளின் அடியில் 13,52,000 என்ற தொகையைச் சுற்றி ஷோரூம் தம்பி பேனாவால் வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் "லெஸ் 25,000" என்று எழுதிக் கையெழுத்தும் இருந்தது. மச்சானுக்கு ஒரே சந்தோஷம். "இருபத்தஞ்சாயிரம் குறைச்சுட்டேன் மாப்ள!"

கடைசியில் அதே வண்டியை 12,64,100க்கு எடுத்தோம். கூச்சல் போட்டோ மேஜையைத் தட்டியோ குறைத்ததில்லை. அந்த வட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மேலே இருந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டோம். அதை எப்படிச் செய்தோம் என்று தமிழ்நாட்டுக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

படி 1: வேரியன்ட்டை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

ஷோரூமில் நின்றுகொண்டு வேரியன்ட்டை, அதாவது ஒரே மாடலில் வசதிக்கேற்ப விலை மாறும் வகைகளில் ஒன்றை, தேர்வு செய்தால், "இன்னும் ஐம்பதாயிரம் போட்டா சன்ரூஃப் வந்துடும் சார்" என்ற ஒரே வாக்கியத்தில் விழுந்துவிடுவோம். அந்த ஐம்பதாயிரம் உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி தமிழ்நாட்டில் காருக்கு ஆயுள் வரி, 5 லட்சம் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது ஆயுள் வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 9,90,000 என்றால் வரி 1,28,700. அதே வண்டியின் அடுத்த வேரியன்ட் 10,40,000 என்றால் வரி 1,87,200. விலையில் வித்தியாசம் 50,000, வரியில் வித்தியாசம் 58,500. ஆக, சன்ரூஃப் 1,08,500 ரூபாய். மச்சானிடம் இதைச் சொன்னேன். "பசங்க ஆசைப்படறாங்க" என்றார். சரி, அவர் காசு. ஆனால் தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

ஜிஎஸ்டியிலும் இப்படி ஒரு கோடு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் அல்லது 1500 சிசிக்குள் டீசல் எஞ்சினும் உள்ள வண்டிக்கு 18%. நெக்ஸான், வென்யூ, சோனட் எல்லாம் இந்தப் பக்கம். க்ரெட்டா, செல்டோஸ், ஸ்கார்பியோ மாதிரிப் பெரிய வண்டிகளுக்கு 40%. இது எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் தாளில் தனியாகத் தெரியாது.

படி 2: நேரம் பார்த்துப் போங்கள்

ஷோரூமுக்கு மாத இலக்கு உண்டு. மாதத்தின் கடைசி வாரத்தில், அதிலும் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசியில், பேச்சு இளகும். காரணம் எளிது. கிடங்கில் நிற்கும் வண்டிகளைப் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் டீலர் எடுத்து வைத்திருக்கிறார். விற்காத வண்டி ஒவ்வொரு நாளும் வட்டி தின்கிறது.

நம் ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் பலர் வண்டி எடுக்க மாட்டார்கள். மார்கழி டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது. அதாவது, வருடம் மாறுவதற்குள் பழைய வருடத்து வண்டியைத் தள்ளிவிட டீலர் துடிக்கிற அதே நாட்களில்தான் வாங்க ஆள் குறைகிறது. சகுனம் பார்க்காதவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. சகுனம் பார்ப்பவர்கள் மார்கழியில் பேசி முடித்து, தை பிறந்ததும் டெலிவரி எடுக்கலாம். ஆனால் ஜாக்கிரதை: ஜனவரியில் கம்பெனிகள் விலையேற்றுவது வழக்கம். புக்கிங் தேதியில் இருந்த விலை பொதுவாகச் செல்லாது, பில் போடும் தேதி விலைதான். பில்லை டிசம்பரிலேயே போடச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரம் போய் நின்றால், உங்களுக்குக் காபி கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

படி 3: மூன்று இடத்தில் எழுத்தில் வாங்குங்கள்

வாயால் சொல்லும் விலை விலையே இல்லை. ஒரே வேரியன்ட், ஒரே நிறம் என்று சொல்லி மூன்று டீலர்களிடம் கொட்டேஷன் கேளுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினாலும் போதும்.

இதில் ஒரு சூட்சுமம். ஒரே ஊரில் இருக்கும் இரண்டு ஷோரூம்களும் ஒரே முதலாளியுடையதாக இருக்கலாம். நாங்கள் முதலில் போன இரண்டு இடங்களும் அப்படித்தான். இரண்டாவது இடத்தில் பெயரைச் சொன்னதுமே, "உங்களுக்கு ஏற்கனவே ரேட் கொடுத்திருக்கே சார்" என்றார்கள். போட்டி வேண்டுமென்றால் டீலர் முதலாளி வேறாக இருக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் ஒரு போன் போடலாம். வேறு மாவட்டத்தில் வாங்கினாலும் உங்கள் முகவரிக்கான ஆர்டிஓவிலேயே பதிவு செய்யலாம்.

புதுச்சேரியில் வரி குறைவு என்று யாராவது ஆசை காட்டினால் தலையாட்டாதீர்கள். அங்கே முகவரி இல்லாமல் பதிவு செய்துவிட்டு வண்டியை இங்கே ஓட்டினால், பின்னால் வரியும் அபராதமும் சேர்த்துக் கட்ட வேண்டி வரும்.

படி 4: தாளை இரண்டாகப் பிரியுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. மச்சானின் கொட்டேஷனில் இருந்தவை இவை:

எக்ஸ்-ஷோரூம் 10,40,000
ஆயுள் வரி 1,87,200
டிசிஎஸ் 10,400
பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக் 5,000
இன்சூரன்ஸ் 58,000
எக்ஸ்டெண்டட் வாரண்டி 18,000
அக்சஸரீஸ் கிட் 24,900
ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500

முதல் நான்கும் சேர்த்து 12,42,600. இவற்றின் மேல் பேரம் பேசிப் பெரிய பயனில்லை. எக்ஸ்-ஷோரூம் விலையைக் கம்பெனி வைக்கிறது, வரி அரசுக்குப் போகிறது. டிசிஎஸ் என்பது 10 லட்சத்துக்கு மேல் உள்ள வண்டிக்கு 1% முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திரும்பப் பெறலாம். பலர் இதை மறந்தே போய்விடுகிறார்கள்.

மீதி நான்கும் 1,09,400. டீலர் பிழைப்பதே பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். வண்டியில் கிடைக்கும் லாபம் குறைவு. இன்சூரன்ஸ், வாரண்டி, அக்சஸரீஸ், லோன் இவற்றில்தான் கமிஷன். அது தப்பில்லை, அவர்களும் கடை நடத்த வேண்டும். ஆனால் எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்வது நாம்.

இன்சூரன்ஸை முதலில் எடுங்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுப்பது 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். அதன் கட்டணம் எந்தக் கம்பெனியானாலும் ஒன்றுதான்: 2022ல் அறிவித்த பட்டியலில் 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, ஜிஎஸ்டி தனி. சொந்த வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதியும், ஸீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் க்ளெய்ம் தருவது) மாதிரி கூடுதல் கவர்களும்தான் ஆளுக்கு ஆள் மாறும். டீலரின் தாளில் உள்ள ஐடிவி (இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு) தொகையையும் கவர்களையும் அப்படியே வைத்து நான் இணையத்தில் போட்டுப் பார்த்தபோது 41,500 வந்தது. இங்கே ஏமாறுவது சுலபம். ஐடிவியைக் குறைத்துப் போட்டால் பிரீமியமும் குறைந்துதான் தெரியும், அது லாபம் இல்லை. ஒரே ஐடிவி, ஒரே கவர்களுக்குத்தான் ஒப்பிட வேண்டும்.

"வெளியே எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பார்கள். கேஷ்லெஸ் என்றால் ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது. உங்கள் சர்வீஸ் சென்டர் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்று கம்பெனி தளத்திலேயே பார்த்துவிடலாம். டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. நாங்கள் பட்டியலைக் காட்டியதும், அதே விலைக்குத் தாங்களே போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டார்கள்.

பழைய காரை விற்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். க்ளெய்ம் இல்லாமல் ஓட்டிச் சேர்த்த போனஸ், அதாவது என்சிபி, வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சான்று வாங்கிப் புது வண்டிக்கு மாற்றினால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50% வரை குறையும்.

அக்சஸரீஸ் கிட் என்பது பெயரளவில் ஒரே சாமான். பிரித்துக் கேட்டால் மேட், மட்ஃப்ளாப், டோர் வைசர், குரோம் பட்டை, வாசனை டப்பா என்று நீளும். "எங்களுக்கு மேட்டும் மட்ஃப்ளாப்பும் போதும்" என்றோம், 7,000ல் முடிந்தது.

ஹேண்ட்லிங் சார்ஜ்? "இது எதுக்கு தம்பி?" என்று மட்டும் கேளுங்கள். வண்டியைக் கிடங்கிலிருந்து கொண்டுவரும் செலவு என்பார்கள். அந்தச் செலவும் சேர்த்துத்தானே எக்ஸ்-ஷோரூம் விலை என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு எடுத்தார்கள்.

வாரண்டியை மட்டும் நாங்கள் தொடவில்லை. மச்சான் வண்டியைப் பத்து வருடம் வைத்திருப்பவர்.

படி 5: பழைய வண்டியும் லோனும் தனித்தனி

புது வண்டி விலை, பழைய வண்டி விலை, மாதத் தவணை மூன்றையும் ஒரே மூச்சில் பேசினால் ஒரு பையில் கொடுத்ததை இன்னொரு பையில் எடுத்துவிடுவார்கள். பழைய காருக்கு வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டீலர் சொல்லும் விலையோடு எக்ஸ்சேஞ்ச் போனஸையும் கூட்டி, அது வெளிவிலையைவிட அதிகமா என்று மட்டும் பாருங்கள்.

லோனுக்கு முதலில் உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கேளுங்கள். 10 லட்சத்துக்கு ஐந்து வருடம், 9% வட்டி என்றால் இஎம்ஐ சுமார் 20,758. 9.5% என்றால் 21,002. மாதம் 244 ரூபாய்தானே என்று தோன்றும், ஐந்து வருடத்தில் அது 14,640. யாராவது "ஃப்ளாட் ரேட்" என்று, அதாவது கடைசி வரை முழுக் கடன் தொகைக்கும் வட்டி போடும் கணக்கில், சொன்னால், குறையும் இருப்பு முறையில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பிராசஸிங் கட்டணத்தையும், முன்கூட்டியே அடைத்தால் என்ன பிடிப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 6: பேசும் நாள்

மாதக் கடைசியில், வார நாளில், காலையில் போங்கள். வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போகாதீர்கள். குழந்தை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் மூன்றாவது ஷோரூமில் நடந்தது இது.

"சார், பெஸ்ட் ப்ரைஸ் சொல்லிட்டேன். இதுக்கு மேல மேனேஜர் ஒத்துக்க மாட்டார்."

"தம்பி, உங்க மேல தப்பில்ல. இதோ வேற இடத்து கொட்டேஷன். இன்சூரன்ஸ் இவ்வளவு, ஹேண்ட்லிங் இல்ல, இந்த மாசம் கம்பெனி கொடுக்கற ஆஃபர் எல்லாத்தையும் சேர்த்து ஒரு நம்பர் போட்டுக் கொடுங்க. சரியா இருந்தா இப்பவே அட்வான்ஸ் கட்டறோம்."

தம்பி தாளை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனார். இருபது நிமிடம் கழித்து வந்தபோது 40,000 தள்ளுபடி, மச்சான் வேலை பார்க்கும் கம்பெனியின் அடையாள அட்டைக்கு 5,000 கார்ப்பரேட் தள்ளுபடி என்று எழுதியிருந்தது. கார்ப்பரேட் தள்ளுபடி பற்றி முதல் ஷோரூமில் யாரும் வாயே திறக்கவில்லை. கேட்டால்தான் வரும்: கேஷ் ஆஃபர், எக்ஸ்சேஞ்ச், கார்ப்பரேட், அதே கம்பெனி வண்டி வைத்திருந்தால் லாயல்டி, பழைய வண்டியை ஸ்கிராப் செய்த சான்று இருந்தால் அதற்கும். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் காத்திருக்க வேண்டிய புது மாடல் என்றால் தள்ளுபடி கிடைக்காது. அங்கேயும் இன்சூரன்ஸும் ஹேண்ட்லிங்கும் பேசலாம், கட்டாய அக்சஸரீஸை மறுக்கலாம். அவ்வளவுதான்.

படி 7: பணம் கட்டும் முன்

அட்வான்ஸை டீலர் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். தம்பியின் சொந்த ஜிபே எண்ணுக்கு வேண்டாம். ரசீதில் வேரியன்ட், நிறம், முடிவான விலை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

பிறகு, பதிவுக்கு அனுப்பும் முன் வண்டியைக் கிடங்கிலேயே பகலில் போய்ப் பாருங்கள். சேசிஸ் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரித்த மாதம், வருடம் வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும், விற்பனைச் சான்றான படிவம் 21லும் வரும். டயரில் நாலு இலக்க எண் இருக்கும். அதில் முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் காட்டும்.

எங்களுக்கு முதலில் காட்டிய வண்டி ஜூலையில் தயாரானது. ஐந்து மாதம் வெயிலிலும் மழையிலும் நின்றதில் வைப்பர் ரப்பர் வெடித்திருந்தது, பேட்டரி இறங்கிப் போய் வேறு வண்டியிலிருந்து வயர் கொடுத்துத்தான் ஸ்டார்ட் செய்தார்கள். "இதுக்கு இன்னும் பதினைஞ்சு குறைப்பீங்களா?" என்று மச்சான் ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து, நவம்பர் மாத வண்டி நின்றிருந்த வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.