விண்டோஸ் 11 ஏற்காத கணினியை என்ன செய்வது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. கணினி அதன் பிறகும் ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வராது. வீட்டில் பயன்படுத்துபவர்கள் தனியாகப் பதிவுசெய்தால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கிடைக்கும். 'உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதல்ல' என்ற அறிவிப்பைப் பார்த்ததும் பலர் புது லேப்டாப் விலை விசாரிக்கப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று ஆங்கிலத்தில் தேடித் திறங்கள். ப்ராசஸரின் முழுப் பெயர், ரேம் அளவு, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) மோடு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க் என்ற இடத்தில் எஸ்எஸ்டி (வேகமான புதிய வகை) என்றோ ஹெச்டிடி (சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்) என்றோ போட்டிருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: எதில் தோற்றது?

விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். இது பெரிய விஷயமே இல்லை. சிக்கல் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட், ப்ராசஸரின் தலைமுறை. இன்டெல் என்றால் 2017-ல் வந்த எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஐ5-8250யு என்றால் எட்டு, அது தேறும். ஐ5-7200யு என்றால் ஏழு, தேறாது. செலரான், பென்டியம் வகைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில்தான் தேட வேண்டும்.

இதனால் நடக்கும் வேடிக்கையைப் பாருங்கள். 16 ஜிபி ரேம் போட்ட ஏழாம் தலைமுறை ஐ7 கணினி நிராகரிக்கப்படுகிறது. 4 ஜிபி ரேமோடு தவழும் புதிய செலரான் லேப்டாப் தேர்வாகிறது. ஆக, 'தகுதியில்லை' என்றால் 'வேகம் இல்லை' என்று பொருள் இல்லை.

ப்ராசஸர் சரியாக இருந்தும் நிராகரித்தால், டிபிஎம் அணைந்திருக்க வாய்ப்பு உண்டு. பயாஸ் அமைப்புக்குள் போய் இன்டெல் கணினியில் 'பிடிடி', ஏஎம்டி கணினியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரைத் தேடி இயக்குங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் வேறு இடத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் கைவைத்த பிறகு கணினி அதைக் கேட்கலாம்.

இந்த நிபந்தனைகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவக் குறுக்குவழிகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. திருத்தம் வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்கிறோம்? தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அந்த வழி வேண்டாம் என்பேன்.

தேவையை ஏற்றுவது விண்டோஸுக்குப் புதிதல்ல, கொஞ்சம் பழைய கதை. விண்டோஸ் எக்ஸ்பி 64 எம்பி ரேமில்கூடத் தொடங்கும். அடுத்து வந்த விஸ்டா குறைந்தது 512 எம்பி கேட்டது. அந்த நேரத்தில், 2007-ல், ஏசஸ் நிறுவனத்தின் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தோடு வந்து நன்றாக விற்றது. அதில் விஸ்டாவைத் திணிக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? ஓய்வு கொடுக்கவிருந்த எக்ஸ்பியை அத்தகைய கணினிகளுக்காகத் தொடர்ந்து விற்றது, 2009-ல் விண்டோஸ் 7-ஐ அவற்றிலும் ஓடும்படி கொண்டுவந்தது. 7, 8, 10 மூன்றுக்கும் குறைந்தபட்ச ரேம் ஒன்றேதான்: 32 பிட்டுக்கு 1 ஜிபி, 64 பிட்டுக்கு 2 ஜிபி. லினக்ஸின் போட்டி இருந்தபோது தேவை ஏறவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

படி 3: ஹெச்டிடி என்றால் முதலில் அதை மாற்றுங்கள்

எந்த இயங்குதளம் போட்டாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் மெதுவாகத்தான் ஓடும். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போதும். 4 ஜிபி ரேம் இருந்தால் 8 ஆக்குங்கள். புது லேப்டாப்போடு ஒப்பிட்டால் செலவு சொற்பம்.

படி 4: நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸில் பல வகைகள் உண்டு, புதியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கிறது, 4 ஜிபி இருந்தால் வசதி. ரேம் குறைவு என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த இலவச லேப்டாப் இன்னும் வீட்டில் கிடந்தால் அதிலும் முயன்று பார்க்கலாம். அவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது, பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

மின்டின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே கோப்பு) அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்குங்கள். 8 ஜிபி பென் டிரைவைச் செருகி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுத்து 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், முன்பே நகலெடுத்துவிடுங்கள்.

இனி கணினியை மறுபடி இயக்கி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்குள் போக வேண்டும். அதற்கு, கணினி தொடங்கும்போதே ஒரு விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவா கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சற்று நேரத்தில் மின்ட் திறக்கும். உங்கள் ஹார்ட் டிஸ்க்கை அது தொடாது.

வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர் எல்லாவற்றையும் இப்போதே சோதியுங்கள். லேப்டாப்பை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்றும் பாருங்கள், அதில்தான் சில மாடல்கள் மக்கர் செய்யும். டேலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் இவற்றை நம்பிப் பிழைப்பவர்கள் இந்த இடத்திலேயே நின்றுகொள்ளுங்கள். இவை லினக்ஸில் நேரடியாக ஓடாது.

படி 5: நிறுவுதல்

படங்கள், ஆவணங்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று வேறு கணினியில் பாருங்கள். பிறகு திரையில் உள்ள 'இன்ஸ்டால்' சின்னத்தைச் சொடுக்கினால் கேள்விகள் வரும். கவனிக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விண்டோஸோடு சேர்த்து நிறுவுவதா, டிஸ்க்கை அழித்து நிறுவுவதா? முதல் முறை என்றால் சேர்த்தே நிறுவுங்கள். விண்டோஸுக்குத் திரும்பும் வழி இருக்கும்.

முடிந்ததும் அப்டேட் மேனேஜரை ஓடவிடுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியையும் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பையும் சேர்த்தால் தமிழ்99 முறையும் ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். ஒரு முறை வெளியேறி உள்ளே வந்தால்தான் விசைப்பலகைப் பட்டியலில் அவை தெரியும்.